மஞ்சளாகிப்போன ஈரல்: பூசண நஞ்சு ஏறிய தீவனமும் எங்கள் லேயர் பண்ணையும்

கோழிப் பண்ணையில் முட்டை குறைந்தால் எல்லோரும் முதலில் நோயைத்தான் தேடுவார்கள். வெள்ளைக் கழிச்சலாக இருக்குமோ, வெயில் தாக்கமோ, தண்ணீரில் ஏதும் கோளாறோ என்று ஒவ்வொன்றாகப் பார்த்து, மருந்துக்கடைக்கு நாலு நடை நடந்து, கடைசியில்தான் தீவனத்தின் பக்கம் வருவார்கள். அதற்குள் கெட்ட தீவனத்தில் பாதி கோழியின் வயிற்றுக்குள் போயிருக்கும். நாமக்கல் பக்கம் லேயர் பண்ணை, அதாவது முட்டைக்கோழிப் பண்ணை நடத்தும் குடும்பம் எங்களுடையது. ஒரு மழைக்காலத்தில் இறங்கிய மக்காச்சோள லோடு எங்களை எப்படிப் படுத்தியது, அதற்குப் பிறகு நாங்கள் எதையெல்லாம் மாற்றினோம் என்பதை இங்கே எழுதுகிறேன். புதிதாகப் பண்ணை போடுகிறவர்களுக்கும், வீட்டில் நாட்டுக்கோழி வளர்ப்பவர்களுக்கும் உதவ வேண்டும் என்பதால் கொஞ்சம் விலாவாரியாகவே சொல்கிறேன்.

முதலில் ஒரு கணக்கு. முட்டைக்கோழி ஒன்று நாளொன்றுக்கு ஏறத்தாழ 110 கிராம் தீவனம் தின்னும். அதில் பாதிக்கு மேல் மக்காச்சோளம். பத்தாயிரம் கோழி இருந்தால் தினமும் ஒரு டன்னுக்கு மேல் தீவனம் போகும். சோளம் மட்டும் அரை டன்னைத் தாண்டும். 25 டன் லோடு ஒன்றை இறக்கினால் ஒரு மாதத்துக்கும் மேல் அதே சோளம்தான் ஓடும். சோளத்தில் நஞ்சு இருந்தால் அத்தனை நாளும், அத்தனை கோழிக்கும், ஒரு வேளை கூடத் தவறாமல் போய்ச் சேரும். ஒரே நாளில் கொத்துக் கொத்தாகச் செத்து விழுந்தால் யாரும் உடனே விழித்துக்கொள்வார்கள். இது அப்படிச் செய்யாது. மெதுவாக அரிக்கும்.

எங்கள் ஷெட்டில் முதலில் கண்டுபிடித்தது முட்டை பொறுக்கும் அக்காதான். வடகிழக்குப் பருவமழை பிடித்துக்கொண்டு நசநசவென்று பெய்த நேரம் அது. காலையில் என்னிடம் வந்து, "அம்மிணி, நேத்தும் இன்னைக்கும் தொட்டியில தீனி மிச்சம் கெடக்குது. கோழி கிண்டிக் கிண்டிப் பார்த்துட்டு விட்டுடுது" என்றார். குளிர் நாளில் கோழி கூடுதலாகத்தான் தின்னும், மிச்சம் வைக்காது. ரெஜிஸ்டரை எடுத்துப் பார்த்தேன். தீவனம் எடுப்பது ஏற்கெனவே சில நாட்களாக இறங்கிக்கொண்டு வந்திருந்தது. முட்டை எண்ணிக்கை அப்போதுதான் லேசாகச் சரியத் தொடங்கியிருந்தது. முட்டையின் அளவும் சிறுத்திருந்தது. பெரிய முட்டை அட்டிகள் குறைந்து மீடியம் அட்டிகள் கூடியிருந்தன. கொண்டை வெளுத்து, கால் மஞ்சள் மங்கி, கோழி கூண்டுக்குள் சோர்ந்து நின்றது. சாவு என்று பார்த்தால் வழக்கத்தைவிடக் கொஞ்சம்தான் கூடுதல்.

தீவனம் எடுப்பது, முட்டை எண்ணிக்கை, முட்டை எடை, சாவு: இந்த நான்கையும் ஷெட்டு வாரியாகத் தினமும் எழுதி வைத்தால் போதும், பண்ணையில் எது நடந்தாலும் அது முதலில் நோட்டில்தான் தெரியும். அதிலும் தீவனம் எடுப்பதுதான் முதல் மணி. அதைப் பலர் எழுதுவதில்லை. முட்டைக் கணக்கை மட்டும் எழுதுகிறார்கள்.

எங்களிடம் ஒரு குஞ்சு ஷெட்டும் இருந்தது. அங்கே வேறு மாதிரிச் சிக்கல். ராணிக்கெட் (வெள்ளைக் கழிச்சல்) தடுப்பூசி முறைப்படி போட்டும், ரத்தப் பரிசோதனையில் எதிர்ப்புச் சக்தி ஏறவே இல்லை. தடுப்பூசி மருந்தைக் குளிர் விடாமல்தான் கொண்டு வந்தோம், போட்டவரும் பழக்கமானவர். அப்போது அது எங்களுக்குப் புரியவில்லை. டாக்டர் வந்து இரண்டு ஷெட்டையும் பார்த்தபிறகுதான் இரண்டு முடிச்சும் ஒரே கயிற்றில் இருப்பது தெரிந்தது.

அன்று காலையில் செத்த கோழிகளை டாக்டர் சாக்கின் மேல் வரிசையாகப் போட்டு அறுத்தார். நல்ல ஈரல் கருஞ்சிவப்பாக, ஓரம் கூராக, வழவழவென்று இருக்கும். சாக்கில் கிடந்த ஈரல்கள் வெளிறிய மஞ்சளாக, வீங்கி, ஓரம் மழுங்கிப் போயிருந்தன. மேலே அங்கங்கே ரத்தப் புள்ளிகள். டாக்டர் கட்டைவிரலால் லேசாக அழுத்தினார். வெந்த உருளைக்கிழங்கு போல ஈரல் பொலபொலவென்று உதிர்ந்தது. குஞ்சு ஷெட்டுக் கோழியில் வாலடியில் இருக்கும் பர்சாவை எடுத்துக் காட்டினார். அந்த வயதில் இருக்க வேண்டிய அளவில் பாதிகூட இல்லை. நோய் எதிர்ப்புச் சக்தி உருவாகும் இடமே அதுதான். அது சுருங்கிப் போனால் எந்த ஊசி போட்டாலும் பிடிக்காது.

"சோளம் எப்ப இறக்குனீங்க?" என்று மட்டும் கேட்டார்.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். மஞ்சள் ஈரல் என்றாலே பூசண நஞ்சு என்று முடிவு கட்டிவிடக் கூடாது. கொழுத்த முட்டைக்கோழிகளுக்கு ஈரலில் கொழுப்பு சேர்ந்து, வெடித்து, உள்ளே ரத்தம் கொட்டிச் சாகும் நோய் ஒன்று உண்டு. அதிலும் ஈரல் மஞ்சளாகத்தான் இருக்கும். ஆனால் அந்தக் கோழி நல்ல எடையோடு, வயிற்றில் கொழுப்பு கட்டிகட்டியாகச் சேர்ந்து இருக்கும். எங்கள் கோழிகளுக்கு நெஞ்செலும்பு துருத்திக்கொண்டு நின்றது. நஞ்சிலும் வகை உண்டு. ஓக்ராடாக்சின் என்றால் அடி விழுவது சிறுநீரகத்துக்கு. வெளிறி வீங்கி, எச்சம் தண்ணீராகப் போகும். டி-2 என்றால் அலகுக்குள்ளும் நாக்கு ஓரத்திலும் மஞ்சள்வெள்ளைப் புண் படரும். ஆகவே கோழி செத்தால் எருக்குழிக்குக் கொண்டுபோகும் முன் வாயைத் திறந்து பாருங்கள். முடிந்தால் டாக்டரைக் கொண்டு அறுத்துப் பாருங்கள். கோழி ஏன் செத்தது என்பதற்கு அதைவிட நேரான சாட்சி கிடையாது.

சரி, சோளத்துக்கு வருவோம். லோடு இறங்கியபோதே வியாபாரி ஒரு லேப் ரிப்போர்ட் கொடுத்திருந்தார். ஈரலைத் தாக்கும் பூசண நஞ்சான அஃப்ளாடாக்சின் வரம்புக்குள் என்று அதில் இருந்தது. அப்பாவும் பழைய வழக்கப்படி ஒரு கை அள்ளி முகர்ந்து, பல்லில் கடித்துப் பார்த்தார். டக்கென்று உடைந்தது, பூசண வாடை இல்லை. ரிப்போர்ட்டை டாக்டரிடம் காட்டினேன். படித்துவிட்டு, "இது லோடோட ரிப்போர்ட் இல்லம்மா, லேபுக்குப் போன அந்த ஒரு கவரோட ரிப்போர்ட்" என்றார். பண்ணை வைத்திருக்கும் ஒவ்வொருவரும் மனதில் வைத்துக்கொள்ள வேண்டிய பேச்சு அது.

ஏன் என்று விளக்குகிறேன். இந்தியத் தர நிர்ணய அமைவனம் கோழித் தீவனத்தில் அஃப்ளாடாக்சின் பி1 நஞ்சுக்கு வைத்திருக்கும் உச்சவரம்பு 20 பி.பி.பி. அதாவது ஒரு கிலோவில் 20 மைக்ரோகிராம். ஒரு டன்னில் வெறும் 20 மில்லிகிராம். இத்தனூண்டு நஞ்சு சோளம் முழுக்க ஒரே சீராகப் பரவிக் கிடப்பதில்லை. பூசணம் பிடிப்பது ஆயிரத்தில் ஒரு மணியாக இருக்கலாம். அந்த ஒரு மணிக்குள் நஞ்சு மலைக்க வைக்கும் அளவுக்கு இருக்கும். தனி மக்காச்சோள மணியில் 4 லட்சம் பி.பி.பி. வரை கண்டிருக்கிறார்கள். ஒரு மணி 0.3 கிராம் என்று வைத்துக்கொண்டு நீங்களே போட்டுப் பாருங்கள்: அப்படிப்பட்ட ஒரே ஒரு மணி, சுத்தமான 6 கிலோ சோளத்தை 20 பி.பி.பி.க்குக் கொண்டுபோய்விடும். மூட்டை வாயிலிருந்து ஒரு கைப்பிடி அள்ளி லேபுக்கு அனுப்பினால் அந்த மணி நம் கையில் மாட்ட வேண்டும் என்று என்ன கட்டாயம்? மாட்டாவிட்டால் ரிப்போர்ட் நன்றாக வரும். சோளம் நன்றாக இருப்பதாக ஆகிவிடாது.

டாக்டர் சொன்னபடி குடோனில் மறுபடி மாதிரி எடுத்தோம். லாரியில் தார்ப்பாய் ஓரமாக அடுக்கியிருந்த மூட்டைகளில் மழைச்சாரல் பட்ட கறை இருந்தது. அவற்றைத் தனியாகப் பிரித்தோம். நடுவில் இருந்தவை, அடியில் இருந்தவை என்று தனித்தனி மாதிரி. ஆய்வக முடிவு வந்தபோது ஒன்று வரம்புக்குள்ளேயே இருந்தது. இன்னொன்று வரம்பைப் போலப் பல மடங்கு. ஒரே லாரி, ஒரே சோளம்தான். வியாபாரி கொடுத்த ரிப்போர்ட் பொய் என்று நான் சொல்லவில்லை. அந்த மாதிரி அப்படித்தான் இருந்திருக்கும்.

அன்றிலிருந்து மாதிரி எடுப்பதைக் கூலி ஆளிடம் விடுவதில்லை. வீட்டு ஆள் ஒருவர் நின்றுதான் எடுக்கிறோம். லோடு இறங்கும்போதே குத்தூசியோடு நின்று, முன்வரிசை பின்வரிசை, மேல் அடி, ஓரம் நடு என்று 40, 50 மூட்டைகளில் குத்தி எடுப்போம். தளர்வாக வரும் சோளமாக இருந்தால் இன்னும் நல்லது. கொட்டிக்கொண்டிருக்கும்போதே நேரம் விட்டு நேரம் ஒரு குவளை பிடித்தால் லோடு முழுக்க இருந்தும் எடுத்தது போல ஆகும். எல்லாம் சேர்ந்து ஐந்து கிலோவாவது வரவேண்டும். அதை முழுசாக அரைக்க வேண்டும். முக்கியமான இடம் இதுதான்: அரைத்தபிறகுதான் பிரிக்க வேண்டும். மணியாக இருக்கும்போதே கால் கிலோ பிரித்து அனுப்பினால் பழைய கதைதான். அரைத்த மாவைத் தார்ப்பாயில் கொட்டி, நன்றாகப் புரட்டி, வட்டமாகப் பரப்பி, நான்காக வகுந்து, எதிரெதிர்ப் பங்கு இரண்டை எடுத்து, மறுபடி புரட்டி வகுந்து, வேண்டிய அளவு வரும்வரை இப்படியே செய்ய வேண்டும். ஒரு பங்கு லேபுக்கு. ஒரு பங்கு நம்மிடம், அந்த லோடு தீர்ந்து இன்னும் கொஞ்ச காலம் ஆகும்வரை பத்திரமாக. துணிப்பையிலோ கனத்த காகிதக் கவரிலோ போடுங்கள். பிளாஸ்டிக் பையில் ஈரச் சோளம் வியர்த்துப் போய் உள்ளேயே பூசணம் பிடிக்கும். அப்புறம் அந்த ரிப்போர்ட்டுக்கு அர்த்தமே இல்லை.

நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரி வளாகத்திலேயே தீவனப் பரிசோதனைக் கூடம் இருக்கிறது. தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் கீழ் நடக்கிறது. நம் பக்கத்துப் பண்ணையாளர்களுக்கு இது பெரிய வசதி. ஒரு பரிசோதனைக்கு ஆகும் செலவை ஒரு நாள் முட்டைக் குறைவோடு ஒப்பிட்டாலே எது மிச்சம் என்று தெரிந்துவிடும். சிலர் கருநீல ஒளி விளக்கை வைத்துப் பார்ப்பார்கள். உடைந்த மணிகளில் பச்சைமஞ்சளாக மின்னினால் அஃப்ளாடாக்சின் சுரக்கும் பூசணம் அங்கே வேலை செய்திருக்கிறது என்று அர்த்தம். மின்னுவது நஞ்சே அல்ல, அதே பூசணம் சுரக்கும் வேறொரு பொருளால் வரும் ஒளி. எனவே சந்தேகப்பட்டுத் தனியாக எடுத்து வைக்க விளக்கு உதவும். நல்ல சோளம் என்று முத்திரை குத்த உதவாது.

இந்த நஞ்சை உலகம் கண்டுகொண்டதே கோழி இனத்தால்தான். 1960இல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிக் குஞ்சுகள் அடுத்தடுத்துச் செத்தன. காரணம் தெரியாததால் வான்கோழி எக்ஸ் நோய் என்று பெயர் வைத்தார்கள். வாத்துக் குஞ்சுகளும் செத்தன. தொற்றுநோய் என்று தேடிக் கிடைக்காமல், கடைசியில் எல்லாப் பண்ணைக்கும் பொதுவாக இருந்தது பிரேசிலிலிருந்து வந்த கடலைப் புண்ணாக்கு என்று கண்டார்கள். அதில் வளர்ந்த ஆஸ்பெர்ஜில்லஸ் ஃப்ளேவஸ் பூசணம்தான் நஞ்சைச் சுரந்திருந்தது. நம் நாட்டில் 1974இல் ராஜஸ்தானிலும் குஜராத்திலும் மழையில் நனைந்து பூசணம் பிடித்த மக்காச்சோளத்தை உண்ட பழங்குடிக் குடும்பங்களில் மஞ்சள் காமாலை பரவி நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அந்த வீடுகளில் அதே சாப்பாட்டைத் தின்ற நாய்களும் செத்தன. தீவனச் சோளத்தைப் பற்றிப் பேசும்போது இதை நான் எப்போதும் சொல்வேன். கோழிக்குத்தானே என்று எதையும் விடக் கூடாது.

வாத்தும் வான்கோழியும் இந்த நஞ்சுக்கு மிகவும் மென்மையானவை. கோழி அவற்றைவிடத் தாங்கும். கோழியிலும் குஞ்சுதான் முதலில் அடிபடும். வீட்டில் கோழியோடு வாத்தும் வளர்ப்பவர்கள் வாத்துக்குஞ்சு சாவதைக் கண்டால் தீவனச் சாக்கை உடனே தனியாக எடுத்து வைத்துவிடுங்கள்.

எங்கள் பண்ணையில் செய்தது இதுதான். ரிப்போர்ட்டுக்குக் காத்திராமல், ஈரலைப் பார்த்த அன்றே அந்தச் சோளத்தில் அரைத்த தீவனம் முழுவதையும் நிறுத்தினோம். தொட்டியில் கிடந்ததையும் வழித்து எடுத்தோம். பக்கத்துப் பண்ணை அண்ணன் ஒருவர் தன் குடோனிலிருந்து சோளம் கொடுத்து உதவினார். கொஞ்சம் கம்பும் குருணையும் சேர்த்துக்கொண்டோம். அஃப்ளாடாக்சினுக்கு முறிவு மருந்து கிடையாது. நஞ்சை நிறுத்துவதும், ஈரல் தன்னைத்தானே சரிசெய்துகொள்ளத் துணைநிற்பதும்தான் வைத்தியம். டாக்டர் சொன்ன அளவில் மெத்தியோனின், கோலின், வைட்டமின் ஈ, செலினியம் கொடுத்தோம். புரதத்தைக் கொஞ்சம் கூட்டினோம். ஆன்டிபயாடிக் எதுவும் போடவில்லை. நஞ்சுக்கு அது ஒன்றும் செய்யாது என்று டாக்டர் தீர்மானமாகச் சொல்லிவிட்டார். குஞ்சு ஷெட்டுக்கு ராணிக்கெட் ஊசியை மறுபடி போட வேண்டியிருந்தது, அதுவும் கோழி தேறியபிறகு.

தீவனத்தை மாற்றிய மறுநாளே முட்டை ஏறிவிடாது. நானும் தினமும் நோட்டைப் பார்த்துப் பார்த்து ஏங்கியவள்தான். முதலில் தீவனம் எடுப்பது ஏறும். பிறகு கொண்டையில் நிறம் வரும். முட்டை மெதுவாகத்தான் வரும், வாரக்கணக்கில் ஆகும். இடையில் பொறுமை இழந்து புதுப்புது டானிக்காக மாற்றிக்கொண்டே போனால் காசுதான் போகும்.

பைண்டர் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. கடையில் கேட்டால் அதுதான் எல்லாவற்றுக்கும் பதில் என்பார்கள். பென்டோனைட் போன்ற களிமண் வகை பைண்டர்கள் குடலுக்குள் அஃப்ளாடாக்சினைப் பிடித்து வைத்துக்கொண்டு எச்சத்தோடு வெளியே கொண்டுபோகும். உண்மையிலேயே நல்ல பலன் உண்டு. ஆனால் அதே களிமண் டி-2வையும் ஓக்ராடாக்சினையும் அப்படிப் பிடிக்காது. அதற்கு வேறு வகை வேண்டும். எந்த நஞ்சு என்று தெரியாமல் ஒரு பைண்டரைப் போட்டுவிட்டுக் கெட்ட சோளத்தை மலிவாக வாங்கி ஓட்டுவது எனக்குச் சரியாகப் படவில்லை. நல்ல சோளத்துக்கு மேல் கூடுதல் காவலாகத்தான் பைண்டர்.

புரோப்பியானிக் அமிலம் சேர்ந்த பூசணத் தடுப்பானும் அப்படித்தான். இனிமேல் பூசணம் வளராமல் தடுக்கும். ஏற்கெனவே சுரந்த நஞ்சை எடுக்காது. வெயிலில் காயப்போட்டாலும் ஈரம் போகும், நஞ்சு அங்கேயே இருக்கும். வேகவைத்தாலும், தீவனத்தை அழுத்திக் குச்சியாக (பெல்லட்) ஆக்கும் சூட்டிலும் போகாது. "நல்லா காயவெச்சுட்டோம்ங்க, இப்ப சோளம் மணியா இருக்குது" என்று யாராவது சொன்னால், நனைந்து எத்தனை நாள் கழித்துக் காயவைத்தார்கள் என்று கேளுங்கள். செத்த பூசணம் கண்ணுக்குத் தெரியாது. அது விட்டுப்போன நஞ்சும் தெரியாது.

ஓரளவுக்குப் பயன்படும் ஒரு வேலை உண்டு. சல்லடை. உடைந்த மணியிலும் தூசியிலும்தான் நஞ்சு அதிகமாகச் சேர்ந்திருக்கும். முழு மணியின் தோல் பூசணத்தை ஓரளவு தடுக்கும். உடைந்ததில் நேராகப் போய் உட்கார்ந்துகொள்ளும். நாங்கள் இப்போது எல்லா லோடையும் சலித்துத்தான் அரைக்கிறோம். கழிவு கணிசமாகப் போகிறது. போகட்டும். அந்தக் கழிவை எந்தக் கோழிக்கும் போடுவதில்லை.

குடோனில் ஈரம்தான் எதிரி. சோளத்தில் ஈரப்பதம் 13 சதவீதத்துக்கு மேல் இருந்தால் மூட்டைகளை அடுக்கி வைக்கவே கூடாது. கடலைப் புண்ணாக்கு, கடலை வகைகளுக்கு இன்னும் குறைவாக இருக்க வேண்டும். ஈரமானி வைத்துப் பாருங்கள், பல்லை நம்பாதீர்கள். தரையில் நேராக அடுக்காமல் மரக்கட்டைப் பலகை மேல், சுவரிலிருந்து ஒரு ஆள் நடக்கும் இடைவெளி விட்டு அடுக்குங்கள். தகரக் கூரையின் உட்பக்கம் விடியற்காலையில் வியர்த்துச் சொட்டும். மேலடுக்கு மூட்டை நனைவது பெரும்பாலும் அதனால்தான். மழைக்காலத்தில் அரைத்த தீவனத்தை வாரத்துக்கு மேல் வைக்காதீர்கள். முழு மணியைவிட மாவு சீக்கிரம் கெடும். மிக்ஸரின் மூலை, எலிவேட்டரின் அடிப்பெட்டி, தீவனத் தொட்டியின் முனை இங்கெல்லாம் பழைய தீவனம் கட்டிப்பட்டு ஒட்டிக்கொண்டிருக்கும். கோழி தண்ணீர் குடிக்கும் நிப்பிள் ஒழுகி நனைந்த தீவனமும் அப்படியே. புதுத் தீவனம் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் இந்தக் கட்டிகள் உதிர்ந்து அதில் சேரும். எங்கள் மிக்ஸரைக் கழற்றிச் சுரண்டியபோது உள்ளே பச்சைப் பூசணத் தகடு ஒன்று அப்படியே பெயர்ந்து வந்தது.

பூசணம் தவிரவும் தீவனத்தில் நஞ்சு ஏறும் வழிகள் உண்டு. விதைக்கென்று பூச்சிமருந்து கலந்து இளஞ்சிவப்பாக இருக்கும் சோளம், விலை மலிவாகக் கிடைக்கிறதென்று தீவனத்துக்கு வந்துவிடும். நிறத்தைப் பார்த்த உடனே தள்ளுங்கள். பருத்திக்கொட்டைப் புண்ணாக்கு அதிகமானால் அதிலுள்ள காசிபால் மஞ்சள் கருவை ஆலிவ் பச்சையாக்கிவிடும். ரத்தக்கழிச்சலுக்காகச் சாலினோமைசின் அல்லது மொனென்சின் சேர்ந்த தீவனம் ஓடும்போது சளிக்கென்று டயாமுலின் கொடுத்தால் கோழி கால் விழுந்து சாகும். மருந்து தனித்தனியாக நல்லதுதான், சேர்ந்தால் நஞ்சு. தீவனத்தில் என்ன ஓடுகிறது என்று டாக்டரிடம் சொல்லாமல் எந்த மருந்தும் வாங்காதீர்கள்.

ஆலையில் ஒரு சாக்கு மாறினால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் 1973இல் நடந்தது போதும். மாட்டுத் தீவனத்துக்குப் போக வேண்டிய மெக்னீசியம் ஆக்சைடுக்குப் பதிலாக, பிளாஸ்டிக் தீப்பிடிக்காமல் இருக்கச் சேர்க்கும் புரோமின் ரசாயனம் தவறுதலாகத் தீவன ஆலைக்குப் போய்விட்டது. சுமார் 15 லட்சம் கோழிகளையும் 30,000 மாடுகளையும் அழிக்க வேண்டி வந்தது. பெல்ஜியத்தில் 1999 ஜனவரியில் தீவனக் கொழுப்பில் டிரான்ஸ்ஃபார்மர் எண்ணெய் கலந்து டையாக்சின் ஏறியது. அங்கேயும் முதலில் தெரிந்தது முட்டையிலிருந்து குஞ்சு பொரிப்பது குறைந்ததிலும் குஞ்சு சாவிலும்தான். ஊருக்கே தெரிய மே மாதம் ஆகிவிட்டது. இரண்டு அமைச்சர்கள் பதவி விலகினார்கள். பிரீமிக்ஸ் (வைட்டமின், தாதுக் கலவை), உப்பு, மருந்துச் சாக்குகளை எங்கள் ஆலையில் இப்போது தனித்தனி அறையில், பெயர் தெரியும்படி வைத்திருக்கிறோம். எடை போடுகிறவர் ஒவ்வொன்றுக்கும் கையெழுத்துப் போட வேண்டும்.

முட்டை சாப்பிடுகிறவர்கள் பயப்பட வேண்டுமா என்று உறவினர்கள் கேட்டார்கள். கோழி தின்ற அஃப்ளாடாக்சினில் மிக மிகக் கொஞ்சம்தான் முட்டைக்கு வருகிறது. பெரும்பகுதியை ஈரல் தன் தலையில் வாங்கிக்கொள்கிறது. ஆனால் இது மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் நஞ்சு என்று உறுதியானது. ஆகவே வரம்பைக் காப்பது கோழிக்காக மட்டுமல்ல. நோய்ப்பட்ட கோழியைக் கறிக்கு விற்பதையும், அதன் ஈரலை வீட்டில் சமைப்பதையும் அறவே விட்டுவிட வேண்டும்.

கடைசியாக அந்த லோடு. வியாபாரி முதலில் ஒத்துக்கொள்ளவில்லை. இறங்கிய அன்று எடுத்து, அவருடைய ஆள் முன்னால் கட்டி, தேதியும் லாரி எண்ணும் எழுதிய மாதிரிப் பை எங்களிடம் இல்லாததால் பேச்சு இழுத்துக்கொண்டே போனது. பாதி நஷ்டத்தோடு முடிந்தது. இப்போது ஒவ்வொரு லோடுக்கும் இரண்டு தரப்பும் கையெழுத்துப் போட்ட பை இருக்கிறது. சோளத்தை மாட்டுத் தீவனத்துக்குக் கொடுத்துவிடலாம் என்று ஒருவர் விலை பேச வந்தார். கொடுக்கவில்லை. மாடு தின்றால் அந்த நஞ்சு எம்1 என்று உருமாறிப் பாலில் இறங்கும். கைக்குழந்தை குடிக்கும் பால் அது. நல்ல மூட்டை, கெட்ட மூட்டை என்று பிரித்து விற்கவும் மனம் வரவில்லை, எதில் அந்த மணி கிடக்கிறது என்று யாருக்குத் தெரியும்? தோட்டத்து ஓரமாக, கிணற்றுக்கும் மேய்ச்சலுக்கும் தள்ளி, ஆழக் குழி தோண்டிச் சுண்ணாம்பு போட்டுப் புதைத்தோம். சாக்குகளை எரித்தோம், காலிச் சாக்கைத் திரும்ப விற்றால் அதில் ஒட்டிய தூசியோடு பூசணம் அடுத்த பண்ணைக்குப் போகும்.